ஆடத் தெரியாதவர்களுக்கு ஒரு டான்ஸ் பேண்டு

போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையிலேயே புதிதாகத் திறந்திருக்கிறார்கள். டாக்டர் என் மகள் வயசுப் பெண். வாய்க்குள் கண்ணாடியை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், மேலுதட்டுக்கு உள்பக்கம் ஒரு தடிப்பு இருக்கே, உதட்டைக் கடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டாள்.

பல் டாக்டர்கள் கேள்வி கேட்பதற்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கை நம் வாய்க்குள் இருக்கும் நேரம். நான், "ஆம்பெட்" என்றேன்.

"என்ன அங்கிள்?"

"ஆம்... பெட்."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "படுக்கணுமாம் டாக்டர், பெட் கேக்காங்க" என்றாள்.

குழாயை எடுத்த பிறகு விளக்கம் சொன்னேன். டிரம்பெட் வாசித்தவனம்மா நான். ஷார்ஜாவில், ஒரு டான்ஸ் பேண்டில். அந்தப் பெண் என் வழுக்கையைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள். "நீங்க ஆடுவீங்களா அங்கிள்?"

"நாங்க ஆடக்கூடாது. கேக்கிறவங்கள ஆட வைக்கணும். அதான் வேலை."

"ஆடினாங்களா?"

பதில் சொல்வதற்குள் மறுபடி வாயைத் திறக்கச் சொல்லிவிட்டாள். சுழலும் கருவியை மூக்குக்குக் கீழே கொண்டுவந்தபோது அதிலிருந்து லேசாக எந்திர எண்ணெய் வாசனை வந்தது. அதற்குப் பிறகு அவள் என் கடைவாய்ப் பல்லை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஷார்ஜாவில், ரோலா கடைத்தெருவில் இருந்த ஃபாரூக் காக்காவின் தையல் கடைக்குப் போய்விட்டேன்.

டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களும் மக்கர் செய்யாமல் ஏறி இறங்க எண்ணெய் விட வேண்டும். அதற்கென்று தனி எண்ணெய் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். எங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய்தான். ரோலாவில் தையல் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர் ஃபாரூக் காக்கா அதை ஒரு சின்ன மூக்கு டப்பாவில் ஊற்றித் தருவார். தரும்போது ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிப்பார். "எனக்கு இந்த ஊதுறது, தட்டுறது ஒண்ணும் ஆகாது தம்பி. மெஷினுக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போ. எதுக்கு ஊத்துறேன்னு எங்கிட்ட சொல்லாத." அதனால் ஊதும்போதெல்லாம் மூக்கில் தையல் கடை அடிக்கும். இன்றைக்கும் யாராவது ஜாக்கெட் தைக்கும் சத்தம் கேட்டால் என் உதடு தானாகக் குவியும். மனைவி தப்பாக நினைத்துக்கொண்டதும் உண்டு.

நான் டிரம்பெட் வாசிக்கப் போனவன் அல்ல. பி.காம். படித்துவிட்டு, அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலை என்று சொல்லி விமானம் ஏற்றினார்கள். இறங்கினால் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டர். என் தலைக்கு மேல் ரேடியேட்டர் ஹோஸ்கள் செத்த பாம்புகள் மாதிரி தொங்கும். ஒரு நாள் ஒரு பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர், நான் கொடுத்த ஹோஸ் அடைத்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். அடைக்கவில்லை என்று நிரூபிப்பதற்காக நான் அதன் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினேன். பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் பியூகிள் ஊதிய பழக்கதோஷம். ஹோஸ் முழங்கியது. கடையே திரும்பிப் பார்த்தது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம், ஃபோர்க்லிஃப்டுக்கு பெல்ட் வாங்க வந்து நின்றவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உயரமான மனிதர். மை தீட்டிய மெல்லிய மீசை. தலைமுடியைப் பின்னுக்கு வாரி எண்ணெய் போட்டு ஒரு அலையை அப்படியே உறைய வைத்திருந்தார்.

"ஏல, இன்னொரு தடவ ஊது."

"சார், இது ஹோஸ்."

"ஹோஸுன்னு எனக்குத் தெரியும்ல. ஊது."

ஊதினேன். அவர் தலையை ஆட்டினார். "வெள்ளிக்கிழம வா. ஹோஸக் கொண்டாந்துராத. நான் டிரம்பெட் தாரேன்."

அவர்தான் ஜெரோம் மாஸ்டர். தூத்துக்குடிக்காரர். பெயின்ட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர் என்பது விசாவில் இருந்த வேலை. அவரைக் கேட்டால் பேண்டு லீடர் என்பார். வாரத்தில் ஆறு நாள் அவருடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, சொல்வது உண்மையாக இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் மாஸ்டர் சொல்வது.

மாஸ்டரின் கதை சின்னதுதான், ஆனால் அவர் சொன்னால் நீளும். அப்பா மாதாகோவில் பேண்டில் பெரிய குழல் ஊதியவர். மகன் அந்தக் குழலோடு பம்பாய்க்கு ஓடிப்போய் ஹோட்டல்களில் வாசித்திருக்கிறார். அங்கே வயதான கோவாக்காரர் ஒருவர், ஒரு காலத்தில் பெரிய டான்ஸ் பேண்டுகள் எப்படி இருந்தன என்று சொல்லிச் சொல்லியே இவரைக் கெடுத்திருக்கிறார். வரிசையாக சாக்ஸபோன்கள், பின்னால் டிரம்பெட்கள், அதற்கும் பின்னால் டிராம்போன்கள், எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு, முன்னால் ஒரு குச்சியோடு லீடர். அவர் குச்சியை அசைத்தால் மண்டபம் முழுக்க ஜோடி ஜோடியாகச் சுழலும். அந்தக் காலம் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் மாஸ்டருக்கு அதன்மேல் காதல் வந்தது. சிலருக்கு அப்படித்தான் எதுவும் நேரத்துக்கு வராது.

பிறகு துபாய் தேராவில் ஒரு ஹோட்டல், பேண்டோடு வரச்சொல்லி விசா அனுப்பியது. இவர் ஆளைச் சேர்த்துக்கொண்டு வந்து இறங்குவதற்குள் அந்த ஹோட்டல் மேனேஜர் மாறிவிட்டார். புது மேனேஜர் ஒரு கீபோர்டையும் அதைத் தட்ட ஒருவரையும் பாட ஒரு பெண்ணையும் வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். கூட வந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மாஸ்டர் திரும்பவில்லை. "அந்தக் கீபோர்டுல ஒரு பொத்தான அமுக்குனா பத்து டிரம்பெட் சத்தம் வருதுல. ஆனா பத்துப் பேரும் ஒரே ஆளு. ஒருத்தனுக்கும் வேர்க்கல" என்பார். வேர்வை வராத சங்கீதத்தை அவரால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் சங்கீதத்தில் வேர்வைதான் அதிகம் வந்தது என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமைகளில் தொழில்பேட்டை காலியாகக் கிடக்கும். தெரிந்தவரின் கார் கராஜ் ஒன்றில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒத்திகை பார்ப்போம். டீசல் வாசனை, சூடான தகரம், மூலையில் என்ஜின் இல்லாத ஒரு டொயோட்டா. ஜூன், ஜூலையில் டிரம்பெட்டைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். வெயிலில் பித்தளைக் குழாய்களுக்குள் காற்று சூடாகி சுருதி மேலே போய்விடும். மாஸ்டர் அவற்றைத் தண்ணீர் கேன் மேல் சாய்த்துவைத்து, "ஆறட்டும், ஆறட்டும்" என்பார், என்னமோ இட்லி இறக்கி வைத்த மாதிரி. கையில் லீடர் பிடிக்கும் பேட்டனுக்குப் பதிலாகப் பெயின்ட் கலக்குகிற மரக்குச்சி. நுனியில் பச்சை காய்ந்திருக்கும்.

ஆட்கள்? ஊதத் தெரிந்த எவனையும் அவர் விடவில்லை. மாயவரம் பக்கத்து முருகேசன், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்த கொத்தனார், கிளாரினெட் வாசிப்பார். கல்யாண பேண்டில் கற்றது. எங்களில் உண்மையாகவே வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். டிரம்ஸ், சென்னைப் புளியந்தோப்பு தாஸ். பாட ஸ்டெல்லா அக்கா, நாகர்கோவில்காரர், ஒரு கிளினிக்கில் நர்ஸ். மற்றபடி வெல்டர், கிரேன் ஆபரேட்டர், ரியாத் பத்தா கடைத்தெருவில் செல்போன் கடையில் இருந்துவிட்டு எல்லை தாண்டி வந்த ஒரு சாக்ஸபோன்காரர், இரண்டாவது டிரம்பெட்டாக நான். இரண்டாவது டிரம்பெட் என்றால் முதல் டிரம்பெட் மூச்சு வாங்கும் இடங்களில் சத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுருதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பெரிய டிரம்மில் ஆங்கிலத்தில் "ஜெரோம் அண்ட் ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா" என்று எழுத கராஜின் பெயின்டர் பாயிடம் சொன்னோம். அவர் கார் கதவுகளுக்குப் பழக்கப்பட்டவர். வட்டத்தில் எழுதியபோது இடம் போதாமல் "ஆர்க்" என்பதோடு நிறுத்திவிட்டு, "கலாஸ்", முடிந்தது, என்று தூரிகையைக் கழுவிவிட்டார். போகிற இடத்தில் எல்லாம் ஆர்க் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஸ்டெல்லா அக்காதான் பதில் சொல்வார். "நோவாவுக்க பேழை கேட்டியளா. எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு ஏத்தியிருக்காரு."

கோட்டுகள் தைத்தது ஃபாரூக் காக்கா. சங்கீதம் ஆகாது என்றவர், கோட்டு என்றதும் நிமிர்ந்துவிட்டார். "ஊதுறது எப்படியோ போவட்டும், தோள் நல்லா நிக்கணும்." ஏதோ ஒரு வில்லாவுக்குத் திரைச்சீலை தைத்ததில் மிஞ்சிய வெள்ளைத் துணி அவரிடம் இருந்தது. வெளிச்சத்தில் நின்றால் அதில் ரோஜாப்பூக்கள் தெரியும். இப்படியாக, ஷார்ஜாவின் ஒரே தமிழ் டான்ஸ் பேண்டு, பூப்போட்ட திரைச்சீலையை அணிந்துகொண்டு மேடையேறியது.

அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. எங்களுக்கு மேடை கிடைத்தது. ஆடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

நம்மவர்களின் சங்க விழாக்கள் உங்களுக்குத் தெரியும். பொங்கல் விழா, குழந்தைகள் நடனம், தலைவர் பேச்சு, பிரியாணிப் பொட்டலம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிடுவார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பாட்டு ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். இல்லையென்றால் முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி உதட்டைப் பிதுக்குவார். எங்களுக்கு அந்த உதடு மேடையிலிருந்து நன்றாகத் தெரியும். ஒரு சின்னப் பையன் முன்னால் வந்து என் டிரம்பெட்டைத் தட்டிப் பார்த்து, "அங்கிள், இஸ் தட் ரியல்?" என்று கேட்டான். அவன் வீட்டுக் கீபோர்டில் அது ஒரு பொத்தான்.

மாஸ்டர் நாற்காலிகளை வெறுத்தார். "கை தட்டுறானுவ. கால் அசைய மாட்டேங்குது. இடுப்புக்குக் கீழ இவனுகளுக்கு என்னல ஆச்சு?" ஒரு விழாவில் அவரே களத்தில் இறங்கினார். எங்களை வாசிக்கச் சொல்லிவிட்டு, மைக்கில், "இப்போது ஜோடி நடனம் எப்படி என்று பார்ப்போம்" என்று அறிவித்து, ஸ்டெல்லா அக்காவின் கையைப் பிடித்து, இடுப்பில் ஒரு கையை வைத்து, மேடையில் ஒரு சுற்றுச் சுற்றினார். மண்டபத்தில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சங்கத் தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் ஏறினார். "மாஸ்டர், ஃபேமிலியெல்லாம் வந்திருக்கு."

கீழே இறங்கி வந்த ஸ்டெல்லா அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "மாஸ்டரே, எங்க கிளினிக்குல இப்படி யாராவது புடிச்சா செக்யூரிட்டியக் கூப்பிடுவோம். நீங்கன்னால சும்மா விட்டேன்." ஆனால் முகத்தில் கோபம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பூப்போட்ட செருப்பை விட்டுவிட்டுக் குதிகால் செருப்பில் வந்திருந்ததை நான் மட்டுமல்ல, தாஸும் கவனித்தான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததென்று நீங்கள் எதிர்பார்த்தால் நான் என்ன செய்ய முடியும்?

சோனாப்பூர் விஷயத்துக்கு வருகிறேன்.

முருகேசனின் கட்டட கம்பெனி, கேம்பில் பாதுகாப்பு தினம் கொண்டாடியது. விபத்தே இல்லாமல் இவ்வளவு காலம் வேலை நடந்திருக்கிறது என்று மார்தட்டிக்கொள்ளும் விழா. வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்தில். பாட்டு வேண்டும் என்று கேம்ப் பாஸ் கேட்டதும் முருகேசன் எங்களைச் சொல்லிவிட்டார். எங்களை ஏற்றிக்கொள்ள கம்பெனி பஸ்ஸே வந்தது. ஏசி இல்லாத பஸ். எங்களைக் கூட்டிப்போக அதிலேயே வந்திருந்த முருகேசன் ஜன்னலோரம் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் வந்தார். வழக்கமாக பஸ்ஸில் அவர்தான் ஜோக் அடிப்பார்.

"ஒடம்பு சரியில்லையா தம்பி?" என்று ஸ்டெல்லா அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா." பிறகு அவராகவே சொன்னார். "எங்க ரூம்ல செல்வராசுன்னு ஒருத்தன். எனக்கு மேல் கட்டில்ல படுத்திருப்பான். மேல்தளத்துல பலகை கட்டையில விழுந்துட்டான். போன வாரந்தான் பெட்டிய ஊருக்கு அனுப்புனோம்."

மாஸ்டர்தான் கேட்டார். "அப்பொறம் என்ன மயித்துக்குல பாதுகாப்பு தினம்?"

"பேனர் அடிச்சிட்டாங்களாம் மாஸ்டர். அதுக்கு முந்தியே அடிச்சதாம்."

"ஏன்ல எங்கிட்ட முதல்லயே சொல்லல?"

"சொன்னா வரமாட்டீங்க. ஆளுங்க ரொம்ப அமுங்கிக் கெடக்கறாங்க மாஸ்டர். ரூம்ல யாரும் யாரோடயும் பேசறதில்ல. ஏதாச்சும் ஒரு சத்தம் கேட்டாத் தேவலைன்னு எனக்குத்தான் தோணுச்சு."

மாஸ்டர் மீசையை ஒரு பக்கமாகத் தடவிக்கொண்டே வந்தார். திரும்பிப் போகலாம் என்று வெல்டர் சொன்னார். பஸ் கம்பெனியுடையது, எங்கே திரும்புவது?

கூடத்தில் மேடை போட்டிருந்தார்கள். சாரம் கட்டும் இரும்புக் குழாய்களும் பலகையும். சேஃப்டி ஆபீசர் ஹைதராபாத்காரர், கழுத்தில் விசிலோடு ஓடிவந்தார். சாரத்தின் மேல் ஏறும் எவரும் ஹெல்மெட் போட வேண்டும், மஞ்சள் ஜாக்கெட்டும் போட வேண்டும், ரூல். பாதுகாப்பு தினத்தன்றே ரூலை மீறினால் எப்படி? ஆகவே பூப்போட்ட வெள்ளைக் கோட்டுக்கு மேல் மஞ்சள் ஜாக்கெட், தலையில் ஹெல்மெட். ஸ்டெல்லா அக்கா வைத்திருந்த மல்லிகைப் பூவுக்கு மேலேயும் ஒரு ஹெல்மெட். மாஸ்டர் தன் உறைந்த அலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை வாங்கித் தலைக்கு மேல் ஒரு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போட்டுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகங்களில் அதுவும் ஒன்று.

கீழே நீள நீளமான சாப்பாட்டு மேசைகளில் நூற்றுக்கணக்கில் ஆட்கள். சங்கத்துக்காரர்கள் கையைக் கட்டி உட்கார்ந்தது வேறு. இவர்கள் கைகள் தொங்கிக் கிடந்தன. முன்வரிசை சோபாவில் கம்பெனி மேனேஜரும் இன்னும் சில பெரியவர்களும். மேனேஜர் ஆங்கிலத்தில் பேசினார், ஒருவர் இந்தியில் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல யாரும் சிரமப்படவில்லை. பிறகு நாங்கள்.

மாஸ்டர் குச்சியைத் தூக்கினார். பழைய துள்ளல் நடன மெட்டு ஒன்று, நாங்கள் ஓரளவு ஒழுங்காக வாசிக்கக்கூடிய ஒன்று. பாதிகூடப் போயிருக்காது. பின்னால் ஒரு மேசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். கத்தவில்லை. வீட்டில் பேசுகிற குரல்தான்.

"அண்ணே, செத்த வீட்ல வந்து என்னண்ணே இது?"

பாட்டை நடுவில் நிறுத்துவதை மாஸ்டர் கொலைக்குற்றமாக நினைப்பவர். அன்றைக்குக் குச்சியைத் தாழ்த்திவிட்டார். நாங்கள் ஒவ்வொருவராக, ஒழுங்கில்லாமல், நின்றோம். நான்தான் கடைசி. எனக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

மாஸ்டர் முருகேசனிடம் குனிந்தார். மைக் திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அந்தப் பையனுக்கு என்னல புடிக்கும்?"

"ஆடுவான் மாஸ்டர். ரூம் நடுவுல நின்னு ஆடுவான். பாட்டெல்லாம் வேணாம், டப்பாவத் தட்டுனாப் போதும்."

"ஊர்ல எடுக்கையில மேளம் வச்சாங்களா?"

"வச்சாங்களாம். ஆடறதுக்குத்தான் ஆள் இல்லையாம்." முருகேசன் கூடத்தைக் கையால் காட்டினார். "அவன் வயசுச் சோட்டு ஆளுங்க எல்லாம் இங்கல்ல கெடக்கறோம்."

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "பேப்பர மூடுங்கல." தாஸைப் பார்த்து, "எலேய், சாவு அடி தெரியுமா?" என்றார்.

தாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாஸ்டர், நான் புளியந்தோப்பு. என்னப் பாத்து இந்தக் கேள்வி கேக்கலாமா?"

அவன் அடிக்கத் தொடங்கினான். அத்தனை நாளும் எங்கள் நடன மெட்டுகளுக்கு பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தவன், கட்டையை எடுத்துத் தொலியை உரித்தான். முருகேசன் கிளாரினெட்டை வாயில் வைத்தார். அதிலிருந்து வந்ததைப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஒப்பாரிக்கும் நாயனத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மாஸ்டர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். எங்களுக்குத் தெரிந்த மூன்று ஸ்வரத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஊதினோம்.

முதலில் எழுந்தது கேள்வி கேட்டவர்தான். மேசைகளுக்கு நடுவில் வந்தார், கைலியை மடித்துக் கட்டினார், ஒரு காலைத் தூக்கி வைத்தார். பிறகு இன்னொருவர். பிறகு ஒரு மேசை. சாப்பாட்டுத் தட்டுகளைக் கவிழ்த்துத் தட்டினார்கள். அழுதுகொண்டே ஆடினவர்களும் இருந்தார்கள், சிரித்துக்கொண்டே ஆடினவர்களும் இருந்தார்கள், பீகார்காரர்கள் என்ன ஏதென்று தெரியாமலே வந்து சேர்ந்துகொண்டார்கள். துண்டை வாயில் கடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று, குனிந்து, நிமிர்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு. கூடம் முழுக்கச் சுழன்றது. மாஸ்டர் பம்பாயில் கேட்டுக் கேட்டுக் கனவு கண்ட மண்டபம் இதுவாக இருந்திருக்க முடியாது. ஆனால் ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை.

சேஃப்டி ஆபீசர் விசிலை ஊதிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடினார். "பைட்டோ! சப் லோக் பைட்டோ! பந்த் கரோ!" எல்லோரும் உட்காருங்கள், நிறுத்துங்கள் என்று. பாவம், விசில் தாளத்தோடு சேர்ந்துவிட்டது. அவர் ஊத ஊத ஆட்டம் ஏறியது. சாரம் ஆடியதில் வெல்டரின் ஹெல்மெட் கழன்று என் காலில் விழுந்தது. அன்றைய ஒரே விபத்து அதுதான்.

தாஸின் கை ஓய்ந்தபோது எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மூச்சு இரைத்தது. அந்த முதல் ஆள், வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு அருகில் வந்து, "அண்ணே, அந்த மைக்கக் கொஞ்சம் தர்றீங்களா?" என்றார்.

மேனேஜர் சோபாவிலிருந்து எழுந்து கையை ஆட்டினார், தராதே என்று. மாஸ்டர் அதைப் பார்த்தார். எனக்குத் தெரியும் பார்த்தார் என்று. வயரைப் பார்த்துப் பார்த்து அவிழ்த்து, மைக்கைக் குனிந்து கொடுத்தார்.

அந்த ஆள் கோஷம் போடவில்லை. தனக்குத் தெரிந்த இந்தியில், மேனேஜரைப் பார்த்து, ஒரே கேள்விதான் கேட்டார். மேல்தளத்தில் வலை எப்போது கட்டுவீர்கள் சார்? அவ்வளவுதான். கேட்டுவிட்டு மைக்கைப் பிடித்தபடியே நின்றார். பின்னால் அத்தனை பேரும் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. மேனேஜர் சேஃப்டி ஆபீசரைப் பார்த்தார், சேஃப்டி ஆபீசர் பேனரைப் பார்த்தார். கடைசியில் மேனேஜர், இந்த வாரத்துக்குள் என்றார். மைக் இல்லாமல்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

வெளியே வந்ததும் சேஃப்டி ஆபீசர் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். பாட்டுப் பாடத்தானே கூப்பிட்டோம், இவ்வளவு பேரை ஆட வைத்தால் என் வேலை என்னாவது? மாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். தலைமுடி அலை நசுங்கிப் போயிருந்தது. "ஸார், நாங்க டான்ஸ் பேண்டு. ஆடுனா அது எங்க தப்புதான்."

திரும்பி வரும் பஸ்ஸில் மாஸ்டர் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அல் நஹ்தா தாண்டியதும் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் ஆடுனானுவ. அதுவும் சாவுக்கு."

"எதுக்கு ஆடினா என்ன மாஸ்டரே" என்றார் ஸ்டெல்லா அக்கா. "ஆடினாவல்லா."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோட்டின் தோள் அப்போதும் நன்றாகத்தான் நின்றது, ஃபாரூக் காக்கா கைவேலை.

வலை கட்டினார்கள். சொன்ன வாரத்தில் இல்லை, ஆனால் கட்டினார்கள். முருகேசனை ருவைஸ் பக்கம் பாலைவனத்தில் ஒரு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாஸ்டர் கேம்ப் ஆபீசுக்கு நடையாய் நடந்து பார்த்தார். உள்ளேயே விடவில்லை. கிளாரினெட் இல்லாமல் பேண்டு மூக்கு அடைத்த மாதிரி ஆனது. சோனாப்பூர் செய்தி பரவியதில் சங்கத்துக்காரர்களும் எங்களைக் கூப்பிடத் தயங்கினார்கள். தங்கள் விழாவில் யாராவது எழுந்து மைக்கைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அவர்களுக்கும் ஒரு கீபோர்டு கிடைத்துவிட்டது.

பிறகு ஒரு வருஷம் பணப்புழக்கம் வற்றி, கட்டட கிரேன்கள் நின்றன. ஊரே ஒரே சமயத்தில் மூட்டை கட்டியது போல இருந்தது. வெல்டர் போனார், தாஸ் போனான், ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்னை அனுப்பியது. ஸ்டெல்லா அக்கா அயர்லாந்துக்கு நர்சாகப் போய்விட்டார். போகும்முன் மாஸ்டருக்குத் தலைச்சாயம் ஒரு டஜன் வாங்கிக் கொடுத்தார் என்று கேள்வி. பெயின்ட் கம்பெனி மூடியதும் மாஸ்டரும் தூத்துக்குடிக்கே வந்துவிட்டார். இரண்டொரு தடவை போய்ப் பார்த்தேன். தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து மாஸ்டரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் இறந்துபோனார். நானும் முருகேசனும் போயிருந்தோம். பெட்டியோடு போன வண்டியில் ஸ்பீக்கர் கட்டி, பென் டிரைவில் ஜெபப் பாடல்கள் போட்டார்கள். பேண்டு சொல்லவில்லையா என்று அவர் மருமகனிடம் கேட்டேன். "இப்பல்லாம் ஆள் கெடைக்கது இல்ல மாமா. இதுன்னா அதுபாட்டுக்குப் பாடும்." அது பாடியது. கல்லறைத் தோட்டத்து வாசலில் சார்ஜ் தீர்ந்து நின்றது. கிளாரினெட்டை வித்துட்டேன் என்று முருகேசன் சொன்னார்.

அந்தக் கராஜ் இருந்த இடத்தில் ஏதோ குளிரூட்டிய கிடங்கு வந்துவிட்டதாம். எங்கள் வெள்ளிக்கிழமையே இப்போது அங்கே இல்லை, லீவு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது என்கிறார்கள். போகட்டும். வாசித்த மெட்டுகள்கூட எனக்குப் பாதி மறந்துவிட்டன, தேடினால் கைபேசியிலேயே கிடைக்கும், எங்களைவிட நன்றாக வாசித்தவர்கள் வாசித்தவை. கிடைக்காதது ஒன்று இருக்கிறது. மாஸ்டர் கையைத் தூக்கியதும், முதல் சத்தத்துக்கு முன்னால், வெல்டரும் கொத்தனாரும் கிரேன்காரரும் நானுமாக எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்போம். ஏலக்காய் டீயும் வெங்காயமும் மணக்கிற மூச்சுதான். அந்த ஒரு நொடியில் மட்டும் எங்களில் யாரும் சுருதி தப்பியதில்லை.